உப்பைத் தேடிப் போகும் தாய் நண்டு

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கோடை பிறந்துவிட்டால் பார்னகட் விரிகுடாவின் படகுத்துறைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு நூலின் நுனியில் கோழிக் கழுத்தைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார்கள். நூல் லேசாக இழுபட்டதும், பதறாமல், மெல்ல மெல்ல மேலே தூக்கி வந்து கைவலையால் அள்ளினால் வலைக்குள் நீலநண்டு ஒன்று இடுக்கியை விரித்துக்கொண்டு நிற்கும். நம் ஊர்க் கடலில் கிடைக்கும் நீலக்கால் நண்டும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் கடைசிக் கால்கள் துடுப்பாகத் தட்டையாகியிருக்கும். இரண்டும் நன்றாக நீந்தும்.

பெரியவர்கள் யாராவது நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அதன் வயிற்றைப் பாருங்கள். அங்கே ஒரு மடல் மடிந்து ஒட்டியிருக்கும். மடல் ஒல்லியாக நீண்டிருந்தால் ஆண். முக்கோணமாக இருந்தால் பருவம் வராத பெண். அகன்று அரைவட்டமாக இருந்தால் முதிர்ந்த பெண். சில முதிர்ந்த பெண் நண்டுகளுக்கு அந்த மடலை மூடவே முடியாது. உள்ளேயிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருண்டை பிதுங்கிக்கொண்டு நிற்கும். அங்கே அப்படிப்பட்ட நண்டுக்குப் பஞ்சு நண்டு என்று பெயர். நம் மீனவர்கள் சினை நண்டு என்பார்கள்.

சினை நண்டு கையில் கிடைத்தால் அந்த நிமிடமே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நியூ ஜெர்சியின் சட்டம் அது. டெக்சாஸிலும் அப்படித்தான். நண்டு பிடிக்கப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான காரணமும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. அந்த உருண்டையில் ஏறத்தாழ இருபது லட்சம் முட்டைகள் இருக்கின்றன.

இருபது லட்சத்தையும் தாய் எப்படிச் சுமக்கிறது? வயிற்று மடலுக்கு அடியில் மெல்லிய கிளைக்கால்கள் உண்டு. அவற்றில் நிறைய மயிரிழைகள். ஒவ்வோர் இழையிலும் முட்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு முட்டையின் அகலம் கால் மில்லிமீட்டர்தான். உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்குள் நாலு முட்டைகளை வரிசையாக வைத்துவிடலாம். முட்டைகளுக்குக் காற்று வேண்டுமே! அதற்காகத் தாய் அந்த மடலை அடிக்கடி அசைத்து அசைத்து முட்டைகளுக்கு நடுவே புதுத் தண்ணீரை ஓட விடும். அழுக்கு சேர்ந்தால் கால்களால் கோதி எடுக்கும்.

முட்டை இட்ட புதிதில் உருண்டை பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். உள்ளே இருக்கிற மஞ்சள் கருவின் நிறம் அது. கரு வளர வளர அந்த மஞ்சள் கருவைச் சாப்பிட்டுத் தீர்க்கும். உருண்டை பழுப்பாகும், பிறகு கறுத்துப் போகும். கறுப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் கண்களிலிருந்து! ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரிய கண்கள் உருவாகிவிட்டன. இருபது லட்சம் முட்டை, நாற்பது லட்சம் கண்கள். அந்த நிலையில் ஒரு முட்டையை நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதுகூடத் தெரியும். ஆரஞ்சில் தொடங்கிக் கறுப்பில் முடிய இரண்டு வாரம் ஆகும்.

இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு சரியான அளவில் இருந்தாக வேண்டும்.

கடலில் ஒரு கிலோ தண்ணீரை எடுத்துக்கொண்டால் அதில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். அதைத்தான் விஞ்ஞானிகள் உப்பளவு 35 என்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரில் உப்பளவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்தில் இடத்துக்கு இடம் உப்பளவு மாறும். பார்னகட் விரிகுடாவில் டாம்ஸ் ரிவர் என்ற ஆறு வந்து சேரும் பக்கம் தண்ணீர் சப்பென்று இருக்கும். 1859-இல் விளக்கேற்றப்பட்ட பார்னகட் கலங்கரை விளக்கம் நிற்கிறதே, அந்த முகத்துவாரத்தின் பக்கம் போனால் கடல் உள்ளே நுழைகிறது. உப்பளவு 30-ஐத் தொடும். ஆற்றுப் பக்கம் நூல் போட்டால் ஆண் நண்டுதான் அதிகம் மாட்டும். முகத்துவாரத்தின் பக்கம்தான் சினை நண்டுகள். அவை ஏன் அங்கே கூடுகின்றன?

பதிலைக் கண்டுபிடிக்க உங்கள் வீட்டு அடுக்களையே போதும். இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் அதே அளவு தண்ணீரோடு மூன்று நான்கு கரண்டி உப்பைக் கலக்குங்கள். இரண்டிலும் பத்துப் பத்து உலர்திராட்சைகளைப் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் வெறும் தண்ணீரில் கிடந்தவை உப்பிப் பருத்திருக்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தவை அந்த அளவுக்குப் பருத்திருக்காது. திராட்சையின் தோல் தண்ணீரை எளிதாக உள்ளே விடும். எந்தப் பக்கம் கரைசல் கெட்டியாக இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் தண்ணீர் நகரும். திராட்சைக்குள் சர்க்கரை நிறைய. வெளியே வெறும் தண்ணீர். ஆகவே தண்ணீர் உள்ளே பாய்கிறது. வெளியிலும் உப்பு இருந்தால் அந்தப் பாய்ச்சல் குறைந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இதைச் சவ்வூடு பரவல் என்று படித்திருப்பீர்கள். (உப்புத் தண்ணீரில் ஊறிய திராட்சையை வாயில் போட்டுவிடாதீர்கள்!)

நண்டின் முட்டைக்கும் இதே விதிதான். அதைச் சுற்றி மெல்லிய சவ்வு. உள்ளே கருவின் உடல் நீரில் உப்புகள் இருக்கின்றன. வெளியே தண்ணீர் சப்பென்று இருந்தால் அது உள்ளே பாயும், கரு வீங்கும், செல்களுக்குள் இருக்கவேண்டிய உப்பு நீர்த்துப்போகும். வெளியே உப்பு மிக அதிகமானால் கருவிலிருந்து தண்ணீர் வெளியேறி அது சுருங்கும். வளர்ச்சி என்பது ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒவ்வொன்றும் தன் வேலையைக் கற்றுக்கொள்ளும் நுட்பமான காரியம். அந்த நேரத்தில் உள்ளே தண்ணீரும் உப்பும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் வேலை கெட்டுப்போகும். வீக்கத்தையும் சுருக்கத்தையும் சமாளிக்கச் சக்தி வேண்டும். கருவிடம் இருக்கிற சக்தியெல்லாம் அந்தத் துளி மஞ்சள் கருதான். சமாளிப்பதிலேயே அது தீர்ந்துவிட்டால் கால் முளைக்கவும் கண் முளைக்கவும் எதை வைத்துக்கொள்வது?

இங்கே நீங்கள் கேட்பீர்கள்: “அப்படியானால் பெரிய நண்டு மட்டும் ஆற்றுத் தண்ணீரில் எப்படி வாழ்கிறது? அது வீங்கிப் போகாதா?”

அருமையான கேள்வி. பெரிய நீலநண்டு தன் இரத்தத்தின் உப்பைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அதன் ஓட்டுக்கு அடியில் இரு பக்கமும் செவுள்கள் உள்ளன. முன்பக்கச் செவுள்களின் முக்கிய வேலை மூச்சு விடுவது. பின்பக்கச் செவுள்களில் இன்னொரு வேலையும் நடக்கிறது. அந்தச் செவுள்களின் செல்களில் உப்பை இழுக்கும் புரதங்கள் ஆயிரமாயிரமாய் உட்கார்ந்திருக்கின்றன. வெளித்தண்ணீரில் கொஞ்சமே உப்பு இருந்தாலும் அதைப் பிடித்து இழுத்து இரத்தத்துக்குள் சேர்க்கும். உப்புக் குறைந்த தண்ணீருக்கு நண்டு வந்துவிட்டால் இந்தப் புரதங்களின் எண்ணிக்கை கூடும். அவை மும்முரமாக வேலை செய்யும். உடலுக்குள் ஒரு குட்டிக் கடலையே வைத்துக்கொண்டு ஆற்றில் உலவுகிறது நண்டு என்று சொன்னால் மிகையாகாது.

முட்டைக்குள் இருக்கும் கருவுக்கு இன்னும் அந்தச் செவுள் முளைக்கவில்லை. முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சுக்கும் அது இல்லை. தாய்க்கு இருக்கிற திறமை பிள்ளைக்கு வர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நாள் ஆகும். அதுவரை பிள்ளைக்குத் தேவையான உப்பை வெளியே இருக்கும் தண்ணீர்தான் தரவேண்டும்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருவர். வர்ஜீனியாவின் மீன்வள ஆய்வகத்தில் மில்ட்ரெட் சாண்டோஸ், ரோசலி ரோஜர்ஸ் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள். உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944-இல் அவர்களுடைய ஆய்வு வெளியானது. நீலநண்டின் முட்டைகளை வெவ்வேறு உப்பளவுள்ள தண்ணீரில் வைத்து எது பொரிகிறது, எது பொரியவில்லை என்று பார்த்தார்கள். 23-லிருந்து 30 வரை உப்பளவு இருந்தபோது முட்டைகள் நன்றாகப் பொரிந்தன. உப்பு அதற்கும் கீழே குறையக் குறைய, வெளியே வந்தவை முழுக் குஞ்சுகளாக இல்லை. முன்குஞ்சு என்று சொல்லத்தக்க நிலை அது: உடலைச் சுற்றிய மெல்லிய உறை இன்னும் கழலவில்லை, முட்கள் விரியவில்லை, சரியாக நீந்த முடியவில்லை. அவற்றில் பெரும்பாலானவை இறந்துபோயின. முட்டை பொரிந்ததா இல்லையா என்று மட்டும் எண்ணியிருந்தால் இந்த உண்மை தப்பிப் போயிருக்கும். வெளியே வந்தது என்ன நிலையில் வந்தது என்றும் அவர்கள் உற்றுப் பார்த்தார்களே, அந்த இடத்தில்தான் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

பொரிந்த பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி மிச்சமிருந்தது. நீலநண்டின் குஞ்சை முட்டையிலிருந்து குட்டி நண்டு ஆகும்வரை ஆய்வகத்தில் வளர்ப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. வட கரோலினாவின் போஃபர்ட் நகரில், டியூக் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வகத்தில், ஜான் காஸ்ட்லோவும் புக்கவுட்டும் அதைச் சாதித்து 1959-இல் வெளியிட்டார்கள். குஞ்சுகளுக்கு உப்பள இறாலின் குட்டிகளையும் கடல் முள்ளெலியின் முட்டைகளையும் ஊட்டி வளர்த்தார்கள். நீலநண்டின் குஞ்சைப் பார்த்தால் நண்டு என்றே சொல்லமாட்டீர்கள். பெரிய கண்கள், நெற்றியில் ஒரு முள், முதுகில் ஒரு முள், நீண்ட வால். அதற்கு ஜோயியா என்று பெயர். ஜோயியா பொதுவாக ஏழு முறை சட்டை உரித்து வளரும்; அதற்கு 31 முதல் 49 நாள் வரை ஆனது. அதன்பின் மெகலோபா என்ற இடைநிலை: பாதி நண்டு, பாதி இறால் மாதிரி ஓர் உருவம். அது இன்னும் 6 முதல் 20 நாள். அப்புறம்தான் பார்த்ததும் நண்டு என்று சொல்லும்படியான குட்டி நண்டு. உப்பளவு 20-க்குக் கீழே இருந்த பாத்திரங்களில் முதல் சட்டையை உரிப்பதையே பெரும்பாலான ஜோயியாக்களால் தாண்ட முடியவில்லை.

ஆக, முட்டைக்கும் உப்பு வேண்டும், குஞ்சுக்கும் உப்பு வேண்டும். பெரிய நண்டு சாப்பிட்டுக் கொழுத்து வளர்வதோ உப்புக் குறைந்த கழிமுகத்தில். இந்த இரண்டு இடங்களையும் இணைப்பது தாயின் பயணம்.

பெண் நண்டு தன் கடைசிச் சட்டையை உரிக்கும்போது, உடல் மெத்தென்று இருக்கும் அந்த நேரத்தில், ஆணோடு சேரும். பெரும்பாலும் வாழ்நாளில் அந்த ஒரே முறைதான். உரிப்பதற்கு முன்பிருந்தே ஆண் அதைத் தன் கால்களுக்கு அடியில் ஏந்தி வைத்துக்கொள்ளும். உரித்த பிறகும், ஓடு கெட்டியாகும்வரை விடாது. பிறகு ஆண் அங்கேயே, சப்பென்ற தண்ணீரிலேயே தங்கிவிடும். பெண் மட்டும் முகத்துவாரத்தை நோக்கிக் கிளம்பும். கோடையின் கடைசியில் கிளம்பிய நண்டு, நியூ ஜெர்சியின் குளிர் தாங்காமல் வழியில் சேற்றில் புதைந்து குளிர்காலம் முழுவதும் கிடக்கும். வசந்தத்தில் எழுந்து மறுபடி நடை. ஆணிடம் பெற்ற விந்தைப் பல மாதம் உடலுக்குள் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்து, உப்பு நிறைந்த இடம் வந்து சேர்ந்ததும் முட்டை இடும். அதே சேமிப்பைக் கொண்டு இன்னும் சில முறைகளும் முட்டை இடும்.

முட்டை கறுத்துப் பொரியும் வேளையிலும் தாய் சும்மா இருப்பதில்லை. கடல் விரிகுடாவுக்குள் ஏறுவதும் வற்றுவதும் அதற்குத் தெரியும். நீர் வற்றி வெளியே இழுக்கும் வேளையாகப் பார்த்து, பெரும்பாலும் இருட்டில், மடலை வேகமாக அசைத்துக் குஞ்சுகளை உதறிவிடும். நீரோட்டம் அவற்றை அள்ளிக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டித் திறந்த கடலில் சேர்க்கும். அங்கே உப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். விரிகுடாவில் ஒரு பெருமழை பெய்தால் உப்பளவு கிடுகிடுவென்று சரியும். திறந்த கடலில் அந்த ஆபத்து இல்லை. ஒன்றரை மாதம் போல அங்கே மிதந்து வளர்ந்து, மெகலோபா ஆன பிறகு, கடல் உள்ளே ஏறும் வேளைகளில் நீரோட்டத்தில் ஏறிக்கொண்டு விரிகுடாவுக்குத் திரும்பி வரும். இருபது லட்சத்தில் திரும்பி வருபவை மிகச் சில. மற்றவை மீன்களுக்கும் இழுதுமீன்களுக்கும் இரையாகிவிடும்.

இனி டெக்சாஸுக்குப் போவோம். அங்கே கதை எதிர்த்திசையில் திரும்புகிறது. முட்டைக்கு உப்பு வேண்டும் என்றால், விரிகுடா முழுவதும் உப்பாகவே இருந்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். டெக்சாஸின் சான் அன்டோனியோ விரிகுடாவில் அப்படியே நடந்தது. குவாடலூப் ஆறும் சான் அன்டோனியோ ஆறும் அங்கே வந்து கலக்கின்றன. 2008, 2009-இல் கடும் வறட்சி. ஆற்றில் வந்த கொஞ்சத் தண்ணீரையும் ஊர்களும் ஆலைகளும் வயல்களும் எடுத்துக்கொண்டன. விரிகுடாவுக்கு வந்து சேர்ந்த நல்ல தண்ணீர் மிகவும் குறைந்தது. உப்பு ஏறியது, நீலநண்டுகள் அருகிப்போயின. கடலிலிருந்து திரும்பி வரும் குட்டிகள் ஒளிந்து வளரவும் தின்று பெருக்கவும் உப்புக் குறைந்த சதுப்பு நிலம் தேவை. உப்பான தண்ணீரில் அவற்றைத் தின்னும் மீன்கள் அதிகம். நண்டின் இரத்தத்தைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர் நோயும் உப்பான தண்ணீரிலேதான் பரவும்.

அந்தக் கரையில், அரான்சாஸ் காட்டுயிர்ப் புகலிடத்தில், ஹூப்பிங் கொக்கு என்ற பறவை குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஐந்தடி உயரம், வெள்ளை உடல், சிவந்த உச்சந்தலை. 1941-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே வந்தவை 20-கூட இல்லை. அந்த இனமே அழிந்துபோகும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். மனிதர்கள் பாதுகாத்ததால் மெல்லப் பெருகிப் பல நூறாக வந்திருக்கிறது. அதன் குளிர்கால உணவில் நீலநண்டுக்கு முக்கிய இடம். போதாக்குறைக்கு, உப்பளவு 23-ஐத் தாண்டிவிட்டால் அந்தத் தண்ணீரை அதனால் குடிக்கவும் முடியாது. நல்ல தண்ணீர்க் குட்டையைத் தேடி உள்ளே பறந்தாக வேண்டும். அந்த வறட்சிக் குளிர்காலத்தில் 23 கொக்குகள் இறந்தன என்று சொல்லிப் பறவை ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். ஆற்று நீரைப் பங்கிட்ட மாநில அதிகாரிகள்மேல் வழக்கு. 2013-இல் நீதிபதி பறவைகளின் பக்கம் தீர்ப்பளித்தார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போனால் வீண் என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். சான் அன்டோனியோ விரிகுடாவின் நண்டையும் கொக்கையும் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது தீர்ப்பு வந்த மூன்றே ஆண்டில் டெக்சாஸ் கடற்கரைக்கு மறுபக்கத்து ஆபத்தும் வந்தது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் நாள்கணக்கில் நகராமல் நின்று கொட்டியது. நெடர்லேண்ட் என்ற ஊரில் மட்டும் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வெள்ளமெல்லாம் வடிந்து கால்வெஸ்டன் விரிகுடாவில் சேர்ந்ததும் அதன் பெரும்பகுதி நல்ல தண்ணீராகவே மாறிவிட்டது. ஓரிடத்தில் ஒட்டி வாழும் சிப்பிகள் ஏராளமாகச் செத்தன.

கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலும் ஒரு விருந்தாளி நண்டு, முட்டைக்கு உப்பு வேண்டும் என்ற அதே விதிக்குக் கட்டுப்பட்டு நடந்தது. இடுக்கிகளில் கையுறை போட்ட மாதிரி அடர்ந்த மயிருள்ள சீன நண்டு அது. 1992-இல் முதலில் அங்கே பிடிபட்டது. நல்ல தண்ணீரில் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் முட்டையிட உப்பு நீருக்கு இறங்கும். 1998-இல் அப்படி இறங்கிய கூட்டம், டிரேசி நகருக்குப் பக்கத்தில் மீன்களைக் காப்பாற்ற வைத்திருந்த சல்லடைத் தொட்டிகளில் லட்சக்கணக்கில் வந்து அடைத்துக்கொண்டது. ஆற்றில் எத்தனை மைல் உள்ளே போய் வாழ்ந்தாலும் அதன் பிள்ளைகளுக்கும் உப்புத் தண்ணீர் இல்லாமல் முடியாது.

மறுபடி நியூ ஜெர்சிக்கு வாருங்கள். அங்கே டெலவேர் விரிகுடாக் கரையில் முட்டையைச் சுமக்காமல் விட்டுவிட்டுப் போகும் ஒரு தாய் உண்டு: குதிரைலாட நண்டு. பெயரில் நண்டு இருந்தாலும் இதன் நெருங்கிய சொந்தம் சிலந்தியும் தேளும்தான். நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இதன் இனம் பூமியில் இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உயர ஏறும் இரவுகளில் கரைக்கு வந்து, மணலைத் தோண்டி, ஒரு குழியில் சுமார் நாலாயிரம் பச்சை நிற முட்டைகளை இட்டுப் புதைத்துவிட்டுப் போய்விடும்.

இந்த முட்டையை யோசித்துப் பாருங்கள். மழை பெய்தால் மணலுக்குள் நல்ல தண்ணீர் இறங்கும். வெயில் அடித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். நீலநண்டின் முட்டைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எதுவும் இதற்கு இல்லை. அதனால் கரு தன்னளவில் உறுதியாக இருந்தாக வேண்டும். புளோரிடாவின் இந்தியன் ரிவர் காயலில் கிடைத்த குதிரைலாட நண்டுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. உப்பளவு 60-க்குக் கீழே இருக்கும்வரை கருக்கள் வளர்ந்து முடித்துவிட்டன. கடலின் உப்பைப்போல் ஒன்றரை மடங்கு என்றாலும் தாங்குகிறது! அதே ஆய்வாளர்கள் அதற்கு முந்தைய ஆண்டு இன்னொன்றைக் கண்டார்கள். உப்பளவு திடீரென்று குறைந்தாலோ, தண்ணீர் அலைந்து குலுக்கினாலோ, வளர்ந்து முடிந்த கருக்கள் அதிகமாகப் பொரிகின்றன. கடல் குழிவரை ஏறிவிட்டது, கிளம்பலாம் என்பதற்கு அடையாளம் அது. மற்றக் கருக்களுக்கு ஆபத்தாக இருக்கும் உப்பு மாற்றத்தையே இது பொரியும் நேரத்துக்குக் குறிப்பாக வைத்துக்கொண்டிருக்கிறது.

பொரிவதற்குச் சில நாள் முன்பு இந்த முட்டையைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். பச்சை நிற வெளியோடு வெடித்து உதிர்ந்துவிடும். உள்ளே இருக்கிற சவ்வு தண்ணீரை இழுத்துப் பருத்து, கண்ணாடிக் கோலிக்குண்டு மாதிரி தெளிந்துவிடும். அதற்குள் கால்களை ஆட்டிக்கொண்டு கரு சுற்றிச் சுற்றி வரும். வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனால் பார்ப்பதற்காகக் குழியைத் தோண்டிவிடாதீர்கள். அலை புரட்டி வெளியே போட்ட முட்டைகளே கரையோரம் கிடைக்கும். அவையும் தென் அமெரிக்காவின் கோடியிலிருந்து கனடாவின் வடகோடிவரை பறக்கும் செங்கழுத்து உள்ளான் பறவைகளுக்கு வழிச்சாப்பாடு. அவற்றுக்காகவே குதிரைலாட நண்டைப் பிடிப்பதை 2008-இல் நியூ ஜெர்சி நிறுத்தியது.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. பிச்சாவரத்திலும் பழவேற்காட்டிலும் சேற்றில் வளை தோண்டி வாழும் சேற்று நண்டும் நீலநண்டைப் போலவே நடந்துகொள்கிறது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே உவர்நீரில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிறது. சீர்காழிக்கு அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சுகளைப் பொரிக்க வைக்கும் நிலையம் நடத்துகிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் தாய் நண்டின் தொட்டியில் உப்பளவை நாள்தோறும் அளந்து, கடலின் அளவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். பழவேற்காட்டில் முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் அதைத் திறந்துவிடச் சொல்லி மீனவர்கள் கேட்கிறார்கள். இறாலுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் அந்த வாய்தான் போக்குவரத்து வழி. அது அடைபட்டால் சினை நண்டு வெளியே போகவும் முடியாது, குட்டிகள் உள்ளே வரவும் முடியாது. மீனவர்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

உங்களில் யாராவது இதற்குள் கை தூக்கியிருப்பீர்கள். “எங்க தாத்தா வயல்ல நண்டு இருக்கே! அது எந்தக் கடலுக்குப் போகுது?”

வயல் நண்டு கடலுக்குப் போவதே இல்லை. வாய்க்கால் வரப்பில் வளை தோண்டி, அங்கேயே முட்டையும் இடுகிறது. உப்பே இல்லாத தண்ணீரில் அதன் கரு எப்படிப் பிழைக்கிறது? அது குஞ்சுப் பருவத்தையே விட்டுவிட்டது. ஜோயியா கிடையாது, மெகலோபா கிடையாது. அந்த வளர்ச்சியெல்லாம் முட்டைக்குள்ளேயே நடந்து முடிகிறது. அவ்வளவு நாள் உள்ளே இருக்க நிறையச் சாப்பாடு வேண்டுமே? ஆகையால் முட்டை பெரிது. இரண்டு மில்லிமீட்டர், அதற்கு மேலும் இருக்கும். கனம் பார்த்தால் நீலநண்டின் முட்டைகள் ஐந்நூறு சேர்ந்தால்தான் இதில் ஒன்றுக்கு ஈடாகும். பெரிய முட்டை நிறைய வைக்க இடம் இல்லாததால் எண்ணிக்கை சில பத்துகளிலிருந்து சில நூறுக்குள் நின்றுவிடுகிறது. பொரியும்போது எட்டுக் காலும் இரண்டு இடுக்கியுமாக முழு நண்டாகவே வெளியே வரும். வந்த பிறகும் சில நாள் தாயின் வயிற்று மடலுக்குள்ளேயே ஏறிக்கொண்டு திரியும். இப்படி நல்ல தண்ணீரிலேயே பிறந்து வளரும் நண்டு வகைகள் உலகில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் உண்டு. கார்த்திகை மாதத்தில் ஊருக்குப் போனால் வரப்போரம் கிடைக்கும் பெண் நண்டின் மடலை, யாராவது பெரியவர் பிடித்துக்கொள்ள, லேசாகத் திறந்து பாருங்கள். உள்ளே மிளகைவிடச் சிறிய முட்டைகளோ, நகத்தின் பிறை அளவில் குட்டி நண்டுகளோ இருந்தால் எண்ணிப் பார்த்து, தேதியோடு நோட்டில் குறித்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.